பப்பாளியை விடுங்க, சுறாவைப் பாருங்க: இங்கிலாந்துக்குப் புதுசா வந்த கர்ப்பிணிகளுக்கு

ஊர்ல இருந்து போன்ல வர்ற பத்தியப் பட்டியலும் இங்க மிட்வைஃப் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிச்சுக்கற செவிலி) சொல்ற பட்டியலும் ஒத்துப்போகாது. அம்மா "தொடாதே"ன்னு சொல்றதுல பெரும்பாலானதை இங்க யாரும் கண்டுக்கறதே இல்லை. அம்மா "நல்லா சாப்பிடு"ன்னு சொல்றதுல சிலது இங்க அறவே கூடாது. கவனம் வேண்டியது இந்த ரெண்டாவது வகையிலதான்.

முதல்ல பப்பாளி. காயைக் கீறினா வடியுதே வெள்ளைப் பால், பயம் அதனாலதான். பழுக்கப் பழுக்க அது குறைஞ்சிடும். தோல் மஞ்சளாகி, அமுக்கினா மெத்துனு இருக்கிற பழத்தைத் தாராளமா சாப்பிடலாம். பச்சைக்காயையும் செங்காயையும் தவிர்த்துடுங்க. தாய்லாந்து உணவகத்து சாலட்ல துருவிப் போடுறது பச்சைக்காய்தான். அன்னாசி நாலு துண்டு சாப்பிட்டா கரு கலையாது, நெஞ்செரிச்சல் வேணா வரலாம். எள்ளும் கத்திரிக்காயும் 'சூடு'ங்கறாங்க, சமையல்ல போடுற அளவுக்குப் பயப்பட ஒண்ணுமில்லை. குங்குமப்பூ குழந்தையோட நிறத்தை மாத்தாது, நிறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. வாசனை பிடிச்சா பால்ல நாலு இழை போட்டுக் குடிங்க, காசு உங்களோடது.

இப்ப சுறா. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும்னு சுறாப்புட்டு செஞ்சு கொடுக்கறது நம்ம வழக்கம். லண்டன்ல ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத் தமிழ்க் கடை ஃப்ரீசர்ல சுறாவைப் பார்த்தா ஆசை வரும். ஆனா சின்ன மீனைத் தின்னே வளர்ற பெரிய மீன் அது. தின்ன மீன்ல இருந்த பாதரசமெல்லாம் அதோட சதையிலயே தங்கிடும், வேகவெச்சாலும் போகாது. வயித்துப் பிள்ளையோட மூளை, நரம்பு வளர்ச்சியை அது பாதிக்கும். அதனால சுறா, வாள்மீன் (ஸ்வோர்ட்ஃபிஷ்), மார்லின் மூணும் கர்ப்ப காலத்துல வேண்டவே வேண்டாம்னு என்.எச்.எஸ். (இங்கத்த அரசு மருத்துவ சேவை) சொல்லுது. பால் கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல கூடாது. டூனா டின் வாரத்துக்கு நாலு வரைக்கும் போகலாம். மத்தி, அயிலை, சால்மன் மாதிரி எண்ணெய் மீன்கள் நல்லது, ஆனா வாரத்துக்கு ரெண்டு வேளை போதும், ஒரு வேளைன்னா சமைச்ச மீன் 140 கிராம்.

அடுத்தது ஈரல். ரத்தம் ஊறும்கறது பொய்யில்லை, இரும்புச்சத்து நிறையவே இருக்கு. ஆனா வைட்டமின் ஏவும் எக்கச்சக்கம், அந்த அளவு கருவுக்கு ஆகாது. ஆட்டீரல், கோழியீரல் எதுவானாலும் கூடாது. காட் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் இதே கணக்குதான். ரத்தம் குறைவுன்னா ஜி.பி. (நீங்க பதிவு பண்ணியிருக்கிற பொது மருத்துவர்) இரும்பு மாத்திரை எழுதுவாங்க. அதை ஆரஞ்சு ஜூஸோட போடுங்க. டீ, காபி, பாலுக்கும் அதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, இல்லேன்னா சத்து உடம்புல சேராது. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க.

திருநீறு, சாம்பல், மண் திங்கணும்னு நாக்கு ஊறுதா? 'மசக்கை'ன்னு விட்டுடாதீங்க, ரத்த சோகைல அப்படி வரும், ரத்தப் பரிசோதனை கேளுங்க. சில ஆசியக் கடைகள்ல 'சிகோர்'னு சுட்ட மண் கட்டி விப்பாங்க. அதுல ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கு. பார்சல்ல வர்ற லேகியம், சூரணத்துல என்ன கலந்திருக்குன்னு எழுதியிருக்காது. சிலதுல ஈயம், பாதரசம் கண்டுபிடிச்சிருக்காங்க. மிட்வைஃப்கிட்ட காட்டாம வாயில போடாதீங்க. தேதி தள்ளிப் போகுதுன்னு விளக்கெண்ணெய் குடிச்சா வாந்தியும் பேதியுமா உடம்புல தண்ணி வத்தி, சோர்ந்துபோய்தான் ஆஸ்பத்திரிக்குப் போவீங்க.

ஃபில்டர் காபி பிரியர்களுக்கு: ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபைன்தான் வரம்பு. ஒரு மக் ஃபில்டர் காபி 140, ஒரு மக் டீ 75. கூட்டிப் பார்த்துக்குங்க.

* * *

அடுத்து, 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்'ங்கறதைப் பத்தி. முதல் ஆறு மாசத்துக்குக் கூடுதல் கலோரி எதுவும் தேவையில்லை. கடைசி மூணு மாசத்துக்கு நாளுக்குக் கூடுதலா 200 கலோரி, அதாவது ரெண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும். நெய் ஊத்திச் சாப்பிட்டா பிள்ளை வழுக்கிட்டு வரும்னு சொல்றாங்க. நெய் போறது இரைப்பைக்கு, பிள்ளை இருக்கிறது கர்ப்பப்பையில. ஒரு மேசைக்கரண்டி நெய்யே 120 கலோரி கிட்ட வரும்.

இது நமக்கு ஏன் முக்கியம்னா, தெற்காசியக் குடும்பத்துல பிறந்தவங்களுக்குக் கர்ப்பகால சர்க்கரை வர்ற வாய்ப்பு அதிகம். அதனாலயே 24லிருந்து 28 வாரத்துக்குள்ள பரிசோதனைக்குக் கூப்பிடுவாங்க. ராத்திரியெல்லாம் வெறும் வயிறு, காலையில ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச தண்ணி, ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு ரத்தம். வெறும் வயித்துல 5.6 அல்லது ரெண்டாவதுல 7.8 தொட்டாலே சர்க்கரைனு முடிவு. இங்க அளவு mmol/L, ஊர்ல mg/dL, அதனால 'சுகர் 8'னு போன்ல சொன்னா ஊர்ல யாருக்கும் புரியாது. 18ஆல பெருக்குங்க, 144. ஹீமோகுளோபினுக்கும் அளவு வேற, அதைப் பத்தால வகுங்க: இங்க 112னா ஊர்க்கணக்குல 11.2. கருப்பட்டியும் தேனும் 'இயற்கை'ங்கறதால சர்க்கரையை ஏத்தாம விடாது.

படுக்கையில எழுந்து உக்காந்துதான் திரும்பிப் படுக்கணும், இல்லேன்னா கொடி சுத்திக்கும்கறாங்க. கொடி சுத்தறது பிள்ளை உள்ள நீந்தறதால, நீங்க புரள்றதால இல்லை. 28 வாரத்துக்கு மேல மல்லாந்து தூங்காம ஒருக்களிச்சுத் தூங்குங்க. இடதுதான்னு இல்லை, வலதும் சரி. முழிப்பு வரும்போது மல்லாந்து கிடந்தா திரும்பிப் படுங்க, அவ்வளவுதான்.

* * *

விட்டுப்போனது ஒண்ணு. 'கடைசி மாசத்துல இடம் பத்தாது, பிள்ளை அசையறது குறையும்'ங்கறதை நம்பாதீங்க. அசைவு குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைஞ்சமாதிரி தோணினாலே, ராத்திரி ரெண்டு மணியானாலும் மகப்பேறுப் பிரிவுக்கு உடனே போன் பண்ணுங்க. காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க. இனிப்பு குடிச்சுப் பார்க்கறது, வீட்டுல டாப்ளர் வெச்சு இதயத்துடிப்பு கேக்கறது ரெண்டும் வேண்டாம்: துடிப்பு கேட்டாலும் பிள்ளை நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. நம்பர் உங்க மகப்பேறு குறிப்பேட்டுலயோ ஆப்லயோ இருக்கும், இப்பவே போன்ல சேமிச்சு வெச்சுக்குங்க. இங்கிலீஷ் தடுமாறினா "தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்"னு சொன்னா போதும், அதுக்குக் காசு கிடையாது.