ஐபி 67 (தூசி, தண்ணீர் புகாமையைக் குறிக்கும் எண்) என்று வாங்கிய ரோபோ கைக்குள் கூலன்ட் புகுந்துவிட்டது, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லேத்_கோவை:
வணக்கம். எங்கள் சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) பம்ப் ஷாஃப்ட்டுகளை ஏற்றி இறக்கும் ரோபோ, இன்று காலை மின்சாரம் கொடுத்ததும் ஐந்தாம் அச்சில் (சுழலும் மூட்டு) என்கோடர், அதாவது சுழற்சியை அளக்கும் கருவி, அலாரம் காட்டி நின்றுவிட்டது. முன்கையின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், பால் நிறத்தில் கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) ஒரு தேநீர்க் குவளை அளவுக்குத் தேங்கியிருக்கிறது. கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே எதுவும் போகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது கேட்டால் உத்தரவாதத்தில் வராது என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய சரக்கு பாதியில் கிடக்கிறது. எந்த வழியாகப் புகுந்திருக்கும்?

மின்பணி_ஓசூர்:
ஐயா, நீங்கள் சொன்னதை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. கையின் பெயர்ப்பலகையில் எத்தனை ஐபி எண்கள் இருக்கின்றன? பல ஆறு அச்சு ரோபோக்களில் மணிக்கட்டுக்கு 67 என்றும், மற்ற உடலுக்கு 54 என்றும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வருவது மணிக்கட்டின் எண்தான். கை வாங்கி எவ்வளவு காலமாயிற்று, எதைக் கொண்டு கழுவுகிறீர்கள், வாங்கிய பிறகு கிரிப்பருக்காக (பொருளைப் பிடிக்கும் முனை) ஏதேனும் கேபிள் சேர்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

ரப்பர்_சீல்:
என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி கூலன்ட்தான். ஐபி சோதனை வெறும் நல்ல தண்ணீரில் நடப்பது. நீரில் கலக்கும் கூலன்ட் காரத்தன்மை உடையது. அதில் அமீன் சேர்மானங்களும் இருக்கும், அவை ஃப்ளோரோ ரப்பரையே காலப்போக்கில் இறுகச் செய்து வெடிக்க வைக்கும். வெட்டு திரவம் போன்ற கரைப்பான்களால் வரும் கேடு இந்த எண்ணுக்குள் அடங்காது என்று, ஐபி எண்களை வரையறுக்கும் 60529 தரத்தின் தொடக்கப் பகுதியே சொல்கிறது. கூலன்டின் பெயரைச் சொல்லுங்கள், சீலின் ரப்பர் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தர_ஆய்வாளர்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. கேட்பவர்களில் ஒருவர்கூடத் தரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஐஎஸ்/ஐஇசி 60529 நம் நாட்டிலேயே தரமாக ஏற்கப்பட்டது, படிப்பதற்குக் கடினமும் இல்லை. முதல் எண் 6 என்பது தூசி அறவே புகாது என்பது. இரண்டாம் எண் 7 என்பது, அமைதியாக நிற்கும் தண்ணீரில் தற்காலிகமாக மூழ்குவது. பீய்ச்சும் தண்ணீரைப் பற்றி 7 ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் லட்சக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டு விற்றவரைக் குறை கூறுவது முறையாகாது.

புதிய_பொறியாளர்:
மூழ்கினாலே தாங்குவது பீய்ச்சினால் தாங்காதா? 67, 65-ஐ விடப் பெரிய எண். பெரியதில் சிறியது அடங்கும் என்றுதான் கல்லூரியில் படித்தோம்.

தர_ஆய்வாளர்:
தவறாகப் படித்திருக்கிறீர்கள். 6 வரைதான் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். இரண்டாம் எண்ணாக 7 அல்லது 8 மட்டும் பொறித்த பெட்டி, 5, 6 ஆகிய எண்கள் குறிக்கும் பீய்ச்சலுக்குத் தகுதியற்றதாகவே கருதப்படும். இரண்டையும் தாங்கினால் 65/67 என்று இரண்டு எண்களையும் பொறிக்க வேண்டும்.

புதிய_பொறியாளர்:
அப்படியானால் ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தம், குழாயிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் குறைவா? கணக்கைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மின்பணி_ஓசூர்:
ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஏறத்தாழ 0.1 பார், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். 5-க்கான சோதனையில் 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர், இரண்டரை முதல் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கும். 6-க்கு 12.5 மில்லிமீட்டர் முனை, நிமிடத்துக்கு 100 லிட்டர். பாய்ந்து வரும் நீர் ஒரே இடத்தில் மோதி சீலின் உதட்டைத் தூக்கிவிடும். மூழ்கலில் நீரின் அழுத்தம் பல இடங்களில் சீலைச் சேர்த்தே பிடிக்கும். ஆகவே இரண்டும் வெவ்வேறு சோதனைகள். இத்தோடு இந்த வாதத்தை விட்டுவிட்டு, கேட்டவரின் கைக்குத் திரும்புவோம்.

இரவுப்_பணி:
இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பகல் முழுவதும் ஓடிய கைக்குள் மோட்டார்களின் சூட்டால் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த கூலன்டோ தண்ணீரோ பட்டால் உள்காற்று சுருங்கி, மேலே நிற்கும் நீரை சீல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். 7-க்கான சோதனையில் நீரின் வெப்பநிலை கருவியின் வெப்பநிலையிலிருந்து 5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது விதி. பட்டறையில் அந்த விதியை யார் பார்க்கிறார்கள்? நாங்கள் வேலை முடிந்ததும் கையை அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே கழுவுகிறோம்.

லேத்_கோவை:
பலகையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் 67, அடிப்பகுதிக்கு 54. கை வாங்கி ஒன்றரை வருடம். சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும், வண்டி கழுவும் பிரஷர் கன்னால்தான் கழுவுகிறோம், முதலில் எழுத விட்டுப்போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் கிரிப்பரில் சென்சார் சேர்ப்பதற்காக அதே மூடியைத் திறந்து கேபிள் நுழைத்தோம்.

மின்பணி_ஓசூர்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். வண்டி கழுவும் கன்களில் பல 100 பாரைத் தாண்டுபவை. 80 முதல் 100 பார், 80 டிகிரி நீர் என்பது 9 என்ற எண்ணுக்கான சோதனை. அந்த எண் உங்கள் ரோபோ கைக்கு இல்லை. ஆனால் ஒரு குவளை தேங்கியிருப்பதைப் பார்த்தால் மூடியின் மேல்தான் என் சந்தேகம். திறந்தபோது புதிய கேஸ்கெட் (மூடிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) போட்டீர்களா, அல்லது பழையதையே வைத்தீர்களா? அதை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். கேபிள் நுழைந்த இடத்தில் அதைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்ட் இருக்கிறதா, பயன்படுத்தாத கனெக்டர் முனைகளில் மூடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எம்12 கனெக்டர் (சென்சார் கேபிள்களை இணைக்கும் திருகு வகை), இணைத்து முறுக்கியிருக்கும்போது மட்டுமே 67. வெறுமனே திறந்து கிடந்தால் அது ஓட்டை.

லேத்_கோவை:
பழைய கேஸ்கெட்தான். அதன் குறுக்கே தலைமுடியளவு மெல்லிய இரும்புச் சுருள் ஒன்று படிந்து, அது அழுந்திய தடத்தின் இரு பக்கமும் கறுப்பாகக் கூலன்ட் ஊறியிருக்கிறது. புதிய கேஸ்கெட், கனெக்டர், என்கோடர் மூன்றுக்கும் சொல்லியிருக்கிறேன். பிரஷர் கன்னை எடுத்து வைத்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

ரப்பர்_சீல்:
கேஸ்கெட் சரி. ஆனால் அச்சுகளின் சீல்களிலும் அந்தக் கூலன்ட் ஒன்றரை வருடமாக ஊறியிருக்கிறது, அவற்றையும் பாருங்கள் என்று மீண்டும் சொல்கிறேன்.

மின்பணி_ஓசூர்:
முன்கையைத் துடைத்து முழுவதும் உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுங்கள். மூடியைப் போட்டபின், கையேட்டில் சொன்ன அழுத்தத்தில் மட்டும் உள்ளே காற்று கொடுத்து, ஓரங்களில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அளவு மீறினால் நல்ல சீல்களும் வெளியே பிதுங்கிவிடும். முடிவு என்னவென்று எழுதுங்கள்.