அப்பா ஹாங்க், மகன் ஹாங்க்: நேர்ல பார்த்தது, கேட்டது எதுவானாலும் எழுதுங்க

அலபாமாவாசி:
அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ், அதே பேர்ல பாடகரான அவர் மகன், இவங்க கதை இங்க எல்லாருக்கும் அத்துப்படி, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து மாண்ட்கோமரி ஹூண்டாய் ஆலைக்கு வேலைக்கு வந்தவன். ஊர்லேர்ந்து யார் வந்தாலும் காமர்ஸ் தெருவில இருக்கற ஹாங்க் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். போன தடவை அக்கா பையன் வந்திருந்தான். பதினாறு வயசு, இப்பதான் லைசன்ஸ் எடுத்திருக்கான்.

ஹாங்கோட வெளிர்நீல கேடிலாக் கார், 1952 மாடல், உள்ளே நிக்குது. 1953 ஜனவரி 1, ஒஹையோவில் காண்டன் ஊர்க் கச்சேரிக்குப் போற வழியில மனுஷன் உயிர் போனது அதோட பின்சீட்டுல. வயசு 29. முதல் ரெக்கார்டு வெளிவந்தது 1947-ல, ஆக மொத்தம் ஆறே வருஷப் பாட்டு வாழ்க்கை. மகனுக்கு அப்ப மூணரை வயசு. அதே காரைத்தான் பிற்பாடு அந்த மகன் ஹைஸ்கூல் படிக்கறப்ப ஓட்டிட்டுத் திரிஞ்சான்னு நான் சொன்னேன். அக்கா பையன் குனிஞ்சு ஸ்டியரிங்குக்கு மேல இருந்த, பின்னால பார்க்கற கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தான். "மாமா, இதுல பார்த்தா பின்சீட்டுதானே தெரியும்?"ன்னான்.

எனக்குப் பதில் வரல. அன்னிக்கு ராத்திரி தூக்கமும் வரல. ஹாங்கோட மனைவி ஆட்ரி அம்மா அந்தக் காரை அப்பவே வித்திருக்கணும்ங்கறது என் எண்ணம். பையன் கையில சாவியைக் குடுத்தது பெரிய தப்பு.

நாஷ்வில்_தெரு:
கார் நானும் பார்த்திருக்கேன். ஆனா என்னை இன்னும் விடாம பிடிச்சு வச்சிருக்கறது 1989-ல வந்த அந்த வீடியோ. அப்பா பாடி வச்சுட்டுப் போன ஒரு பழைய பதிவு கிடைச்சு, அதுல மகன் தன் குரலைச் சேர்த்து ரெண்டு பேரும் ஒண்ணா பாடற மாதிரி பண்ணாங்களே, அதுதான். மறு வருஷம் கிராமி வாங்குச்சு. படத்துக்கு 1952-ல டிவியில் அப்பா பாடின காட்சியை எடுத்து, வாயசைவை மட்டும் மாத்தி ஒட்டினாங்க. இப்பப் பார்த்தா ஒட்டு தெரியும். உதடு ஒரு பக்கம், கன்னம் ஒரு பக்கம்னு லேசா நழுவும்.

எங்கப்பா இங்க வந்திருந்தப்ப போட்டுக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் பாட்டு ஒண்ணும் புரியாது. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, தாடி வச்சவரைக் காட்டி "இவர்தான் அப்பாவா?"ன்னு கேட்டார். இல்லப்பா, ஒல்லியா தொப்பி போட்டு நிக்கறாரே அவர்தான் அப்பான்னேன். வீடியோவில் அப்பாவுக்கு 28, மகனுக்கு நாப்பது நெருங்குது. எங்கப்பா ரிமோட்டை வாங்கி மறுபடி முதல்லேர்ந்து போடச் சொன்னார். முடியற வரைக்கும் அவர் மகனைத்தான் பார்த்தார், அப்பாவைப் பார்க்கல.

ஸ்காபரோ_பொடியன்:
அலபாமா அண்ணை, ஆட்ரியைக் குற்றம் சொல்லுறது லேசு. 1946-இல ஹாங்கை நாஷ்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய் பாட்டுப் பதிப்பாளர் ஃப்ரெட் ரோஸுக்கு முன்னால நிப்பாட்டினது ஆர்? அந்த மனுசிதானே. குடியாலயும் முதுகு நோவுக்கு எடுத்த மருந்துகளாலயும் ஆள் அழிஞ்சதுக்கு அவ என்ன செய்யிறது? 1952 ஓகஸ்டில நாஷ்வில்லின்ர பேர்போன ரேடியோ மேடை நிகழ்ச்சி கிராண்ட் ஓல் ஆப்ரியே அவரை வெளியில விட்டிட்டுது. எட்டு வயசில பொடியனை மேடையில ஏத்தினா, 14 வயசில அப்பாவைப் பற்றின படத்துக்குப் பாட வைச்சா எண்டு எல்லாரும் ஏசுறியள். சரி, அது பாரம்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா சனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளையின்ர வாயில தகப்பன்ர குரலைக் கேக்கத்தானே? கேட்ட சனத்திலயும் பிழை இருக்கு.

நான் மகனை ஒரு கச்சேரியில பார்த்தனான். 1975-இல மொன்டானாவில மலையால விழுந்து முகம் சிதைஞ்ச பிறகு வளர்த்த தாடி, கறுப்புக் கண்ணாடி, தொப்பி. அதே வருசக் கடைசியில தாயும் செத்துப் போனா. அண்டைக்கு முழுக்க ரொக் மாதிரித்தான் அடிச்சவர். இடையில பாண்ட்காரர் எல்லாரையும் நிப்பாட்டிப்போட்டு, தனியக் கிற்றாரோட தகப்பன்ர பாட்டு ஒண்டைப் பாடினார். தகப்பனைப் போலப் பாடேல்லை, தன்ர தடிச்ச குரலிலதான் பாடினவர். எனக்குப் பக்கத்தில நிண்ட வயசாளி ஒருத்தர், கையில இருந்த பியரைக் குனிஞ்சு நிலத்தில வைச்சிட்டு நிமிர்ந்து நிண்டார்.

ஆறுகம்பி:
காரையும் அம்மாவையும் விடுங்க. மாண்ட்கோமரியில ஹாங்க் சமாதிக்கு எல்லாரும் போறீங்க. பளிங்குத் தொப்பியைத் தொட்டுப் பார்க்கறீங்க, ரசிகர்கள் புல்லைப் பிடுங்கிட்டுப் போனதால போட்ட பிளாஸ்டிக் புல்வெளியையும் பார்க்கறீங்க. அதே ஊர்ல லிங்கன் கல்லறைத் தோட்டம் இருக்கு, அங்க யாராவது போனீங்களா?

ஹாங்க் சின்னப் பையனா இருந்தப்ப அவரோட அப்பா உடம்பு சரியில்லாம வருஷக்கணக்கா ராணுவ வீரர் மருத்துவமனையில கிடந்தார். அந்தப் பையனுக்குத் தெருவில கிட்டார் சொல்லிக் குடுத்தவர் ரூஃபஸ் பெய்ன், டீ-டாட்னு கூப்பிடுவாங்களே, அந்தக் கறுப்பினப் பாடகர். 1939-ல ஏழையாச் செத்தார். புதைச்ச இடத்துக்கு அடையாளம்கூட இல்ல. தோட்டத்து வாசல் பக்கத்துல ஒரு நினைவுக்கல் மட்டும் நிக்குது. செலவு பண்ணி வச்சவங்கள்ல மகன் ஹாங்க் ஒருத்தர்.

நான் போனப்ப நல்ல வெயில், ஒரு ஈ காக்கா இல்ல. கல்லுல கை வச்சேன், சுட்டுது. அப்பாவோட பேச நாலு வருஷம்கூடக் கிடைக்காத பிள்ளை, அப்பாவுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தவரைத் தேடி வந்து கல்லு நட்டிருக்கான். இவங்க உறவைப் பத்தி எனக்கு இந்தக் கல்லு சொன்ன அளவுக்கு வேற எதுவும் சொல்லல.

பழைய_ரேடியோ:
எனக்குப் பெரிய கதை கிடையாது. ஒரு நாள் காலையில கார்ல போறப்ப 1951-ல ஒரு மாவு கம்பெனிக்காக ஹாங்க் ரேடியோவில் நடத்தின நிகழ்ச்சியைக் கேட்டேன். விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் நடுவுல ஹாங்க் சிரிக்கறார். ஓரமா நிறுத்திட்டு முழுக்கக் கேட்டேன். அவ்வளவுதான்.

ஆனா இதைப் படிக்கற புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஹிட் பாட்டுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அந்தக் காலை நேர கால் மணி நேர நிகழ்ச்சிகளைக் கேளுங்க. ஊர் ஊராக் கச்சேரிக்குப் போறதால முன்கூட்டியே ரெக்கார்டு தட்டுல பதிஞ்சு வச்சுட்டுப் போவார். அந்தத் தட்டுகளை ரேடியோ நிலையமே பிற்பாடு குப்பையில போட்டுச்சு, யாரோ புண்ணியவான் எடுத்துக் காப்பாத்தினதாலதான் இன்னிக்கு நமக்குக் கிடைக்குது. வீட்டுல இருக்கற ஹாங்க் எப்படிப் பேசியிருப்பார்னு அதுலதான் ஓரளவு தெரியும். ரேடியோவில் பேசி முடிக்கறப்ப பையனை 'போசிஃபஸ்'னு செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டு, இதோ வீட்டுக்கு வந்துட்டே இருக்கேன்னு சொல்லுவாராம். ஆப்ரி மேடையில இருந்த ஒரு நகைச்சுவைக்காரரோட பேசும் பொம்மைக்கு இருந்த பேர் அது.

நேர்ல போறவங்க ஜார்ஜியானாவில ஆரம்பிங்க. சின்ன வயசு வீடு தண்டவாளம் பக்கத்துல இருக்கு, இப்ப மியூசியம். அங்கேருந்து ஐ-65 நெடுஞ்சாலையைப் பிடிச்சு மாண்ட்கோமரி வாங்க, அந்தச் சாலைத் துண்டுக்கே ஹாங்க் பேர்தான். மியூசியத்தைக் கடைசியில வச்சுக்கோங்க. காரை முதல்ல பார்த்துட்டா மனசு சாவுலேயே நின்னுடும். இன்னொண்ணு, நாஷ்வில் தம்பி, உங்கப்பா ஊருக்குத் திரும்பறதுக்குள்ள அவர் குரலைப் பதிஞ்சு வைங்க. என்ன பேசினாலும் பரவாயில்ல, ரேஷன் கடை விஷயம் பேசினாலும் சரி. போன்ல மட்டும் வச்சுக்காதீங்க, ரெண்டு இடத்துல காப்பி போடுங்க.

அலபாமாவாசி:
ஸ்காபரோ தம்பி, அந்தம்மா பட்ட பாடு எனக்கும் தெரியும், ஃப்ரெட் ரோஸ் விஷயமும் தெரியும். சனம் கேட்டுச்சுங்கறதும் சரி. ஆனா கார்ச் சாவியைக் குடுன்னு எந்தச் சனமும் கேக்கல. அந்த ஒரு விஷயத்துல நான் மாறறதா இல்ல. ஆறுகம்பி, லிங்கன் தோட்டம் என் வீட்டுலேர்ந்து பக்கம்தான். வாசல் எந்தத் தெருப் பக்கம்னு சொல்லுங்க, இந்த ஞாயித்துக்கிழமை போறேன்.