சிவிலைசேஷன் 6 கன்சோல் பதிப்பில் ஜூலு நாகரிகம் தெரியவில்லை. சோழர் சேர்க்கை ஏதேனும் உண்டா? உதவி வேண்டும்

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறேன். 13 வயதான என் மகனிடம் பிளேஸ்டேஷன் 4 என்ற விளையாட்டுக் கன்சோல் இருக்கிறது. ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய நாகரிகத்தை வளர்க்கும் சிவிலைசேஷன் 6 ஆட்டத்தின் டிஸ்க்கை என் தம்பி பரிசாகக் கொடுத்தான். அதில் அவனும் அவனுடைய பள்ளித் தோழனும் வாரக் கடைசியில் கன்ட்ரோலரை மாற்றி மாற்றி எடுத்து விளையாடுகிறார்கள்.

தோழன் ஜூலு குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு ஜூலு அரசர் ஷாக்கா வேண்டும். என் மகனுக்கு இராசேந்திர சோழன் வேண்டும். டிஸ்க்கில் உள்ள அடிப்படை ஆட்டத்தில் இருவரும் இல்லை. இந்தியாவுக்குக் காந்தி இருக்கிறார். 1893-இல் டர்பனில் வந்து இறங்கி 1914 வரை இந்த நாட்டில் வாழ்ந்தவர் என்பதால் அவரை ஆட்டத்தில் பார்ப்பது எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளைகள் தங்கள் மண்ணின் அரசனையும் தங்கள் மொழியின் அரசனையும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சாதாரண ஆசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஷாக்கா 'ரைஸ் அண்ட் ஃபால்' என்ற விரிவாக்கத்தில், அதாவது அடிப்படை ஆட்டத்தோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் பகுதியில், இருப்பதாகப் படித்தேன். அதனால் இங்குள்ள பிளேஸ்டேஷன் கணக்கிலிருந்தே, அதுவும் 'கேதரிங் ஸ்டார்ம்' என்ற இன்னொரு விரிவாக்கமும் சேர்ந்த தொகுப்பை நம் நாட்டு ரேண்ட் கொடுத்து வாங்கினேன். பணம் கழிந்தது, தரவிறக்கமும் முடிந்தது. ஆயினும் ஆட்டத்தைத் திறந்தால் பழைய தலைவர்களின் பட்டியல்தான் வருகிறது. கன்சோலை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். விரிவாக்கத்தை நீக்கிவிட்டு மறுபடி இறக்கியும் பார்த்தேன். மாற்றமில்லை.

என் கேள்விகள் இரண்டு. வாங்கிய தொகுப்பு ஆட்டத்தோடு சேராமல் இருப்பது ஏன்? கன்சோலில் சோழருக்கென்று ஏதேனும் கூடுதல் உள்ளடக்கம் கிடைக்குமா?

டோங்காட் வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். காரணம் சொல்வதற்கு முன் சில விவரங்கள் தெரிய வேண்டும். தரவிறக்கம் நடந்துகொண்டிருந்தபோது லோட் ஷெடிங்கால் மின்சாரம் நின்றதா? அப்படி நின்றால் கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. கன்சோலின் அமைப்புகளில், கணக்கு மேலாண்மைப் பகுதியில், உரிமங்களை மீட்டெடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை இயக்கிப் பார்த்தீர்களா? மூன்றாவதாக, உங்கள் தம்பி அந்த டிஸ்க்கை எந்த நாட்டில் வாங்கினார்? கேட்பதற்குத் தொடர்பில்லாததுபோலத் தோன்றினாலும் இதுதான் முக்கியமான கேள்வி.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

விரைவாகப் பதில் அளித்ததற்கு நன்றி, ஐயா. முதல்முறை இறக்கியபோது மின்சாரம் நின்றது உண்மை. ஆனால் இரண்டாம் முறை தடையின்றி முழுமையாக இறங்கியது. உரிமங்களை மீட்டெடுக்கும் வசதியை நீங்கள் சொன்ன பிறகு தேடிக் கண்டுபிடித்து இயக்கினேன். வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் காட்டியது, பட்டியல் மட்டும் மாறவில்லை. தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். டிஸ்க்கை அங்கேதான் வாங்கினான்.

பீனிக்ஸ் விளையாட்டாளர் எழுதியது:

அக்கா, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியதானாலும் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். ஆனால் கூடுதல் உள்ளடக்கத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒரு விரிவாக்கம் எந்தப் பிராந்தியத்துக் கணக்கிலிருந்து வாங்கப்பட்டதோ, அந்தப் பிராந்தியத்தின் ஆட்டத்தோடு மட்டுமே பொதுவாகச் சேரும். தென்னாப்பிரிக்கா இந்த வகையில் ஐரோப்பியப் பிராந்தியத்தில் வருகிறது. நீங்கள் வாங்கியது ஐரோப்பிய ஆட்டத்துக்கான விரிவாக்கம். கையில் இருப்பது அமெரிக்க ஆட்டம். அதனால்தான் கோப்பு முழுமையாக இருந்தும், உரிமம் சரியாக இருந்தும், ஆட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

உறுதி செய்துகொள்வது எளிது. டிஸ்க் உறையின் முன்பக்க மூலையில் வயது வகைப்பாட்டு முத்திரையைப் பாருங்கள். 'இ.எஸ்.ஆர்.பி.' என்றிருந்தால் அமெரிக்கப் பதிப்பு, 'பெகி' என்றிருந்தால் ஐரோப்பியப் பதிப்பு. உறையின் முதுகுப் பகுதியில் 'சி.யு.எஸ்.ஏ.' என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கும். இரு பிராந்தியங்களுக்கும் அது பெரும்பாலும் வேறுபடும்.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். வாங்கி 14 நாட்களுக்குள், அதுவும் தரவிறக்கம் தொடங்காமல் இருந்தால்தான் அங்காடி விதிகளின்படி பணம் திரும்பும், நீங்கள் இறக்கிவிட்டீர்கள். அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறந்து, அங்கே செல்லும் பரிசு அட்டையால் விரிவாக்கத்தை இன்னொரு முறை வாங்குவது ஒரு வழி. ஒரே பொருளுக்கு இரண்டு முறை செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிடப் பெகி முத்திரை உள்ள பழைய டிஸ்க் ஒன்றை இங்கேயே வாங்குவதே நல்லது. வாங்கிய தொகுப்பு வீணாகாது; அந்த டிஸ்க்கோடு சேர்ந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் தம்பி எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. அதோடு இன்னொன்றையும் அக்கா கவனிக்க வேண்டும். இல்லையென்றால் சரியான டிஸ்க் வந்த பிறகும் ஷாக்கா தெரியாமல் போகலாம். புதிய ஆட்டத்தை அமைக்கும் திரையில் 'ரூல்செட்' என்று ஒரு வரி இருக்கும். அது அடிப்படை விதிகளில் நின்றால் விரிவாக்கத்தின் தலைவர்கள் பட்டியலில் வர மாட்டார்கள். 'ரைஸ் அண்ட் ஃபால்' அல்லது 'கேதரிங் ஸ்டார்ம்' விதிகளைத் தேர்ந்தெடுத்தால்தான் ஷாக்காவும், இந்தியாவின் இரண்டாம் தலைவரான சந்திரகுப்தரும் வருவார்கள். பழைய விதிகளில் தொடங்கிய ஆட்டத்தை நடுவில் மாற்ற முடியாது. புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

மேர்பேங்க் பெரியவர் எழுதியது:

முதல் கேள்விக்கு இளைஞர்கள் தெளிவாக விடை சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கேள்வியைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஓய்வுபெற்ற பிறகு என் பேரனோடு சேர்ந்து இந்த ஆட்டத்தைப் பல நூறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். அதே ஏக்கம் எனக்கும் உண்டு.

சிவிலைசேஷன் 6-இல் சோழர் இல்லை. கணினியில் ஆடுபவர்கள் இத்தகைய குறைகளை ரசிகர்கள் உருவாக்கும் 'மாட்' எனப்படும் மாற்றக் கோப்புகளால் நிரப்பிக்கொள்கிறார்கள். கன்சோலில் அந்த வாசல் மூடியிருக்கிறது. ஆகவே நம் விருப்பத்தை ஆட்டத்தை உருவாக்கியவர்கள் மட்டுமே நிறைவேற்ற முடியும்; நாம் கேட்கும்போது, எதைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "சோழரைச் சேருங்கள்" என்ற ஒற்றை வரியால் பயன் குறைவு. சோழர் அந்த ஆட்டத்தில் எப்படி இயங்குவார்கள் என்று எழுதினால்தான் படிப்பவருக்கு அது மனத்தில் நிற்கும்.

கடலைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். 1025-இல் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது அனுப்பிய கடற்படையை யாரும் மறக்க மாட்டார்கள். அந்தக் கப்பல்களோடு சேர்த்து வணிகக் குழுக்களையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சுமத்திராவின் லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினுடையது. கடல் கடந்த ஊரில் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் வணிகர்கள் என்றால், ஆட்டத்தில் சோழரின் வணிகப் பாதை வெறும் பொன்னை மட்டும் கொண்டுவராமல், சென்று சேரும் நகரத்தில் பண்பாட்டையும் விட்டுவர வேண்டும்.

அடுத்தது ஏரி. 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்தில் வெள்ளமும் வறட்சியும் வருகின்றன, அணை கட்டலாம். அந்த அமைப்புக்குள் மதகும் தூம்பும் வாய்க்காலும் உள்ள தமிழ்நாட்டு ஏரி எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்! வறட்சியில் அண்டை நிலங்களின் விளைச்சலைக் காக்கும் நில மேம்பாடாக அதை அமைக்கலாம். ஆட்சிக் கொள்கை அட்டைகளில் குடவோலை ஒன்று வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகளே அதற்குச் சான்று. குடத்துக்குள் ஓலையிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்ன அந்தக் காட்சியைப் பிள்ளைகள் ஒருமுறை படித்தால் மறக்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். இந்த ஆட்டத்தில் கரும்பு ஓர் ஆடம்பரப் பொருள். தோட்டம் அமைத்தால் குடிமக்கள் மகிழ்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததும், 1911 வரை 1,50,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டதும் பெரும்பாலும் இந்தக் கரும்புக்காகத்தான். என் பாட்டனாரின் தந்தை அவர்களில் ஒருவர். ஒவ்வொரு முறை அந்தத் தோட்டத்தை அமைக்கும்போதும் அதில் வேலை செய்பவர்களைத் திரையில் தேடுகிறேன். டர்பன் அமைந்துள்ள நட்டாலின் கரும்புத் தோட்டங்களைப் பற்றி ஒரு தனிக் காட்சியமைப்பு, அதாவது தனிக் கதைக்களம் கொண்ட ஆட்டம், வர வேண்டும் என்பதே என்னுடைய முதல் விருப்பம். சோழர்கூட அதற்குப் பிறகுதான்.

பீனிக்ஸ் விளையாட்டாளர் எழுதியது:

தாத்தா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

இப்போதே கிடைப்பவை இரண்டை அக்காவுக்குச் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் வெளியான சிவிலைசேஷன் 7-இல் சோழர் இருக்கிறார்கள். அது பிளேஸ்டேஷன் 4-இலும் ஓடும். அந்த ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிந்தது. வெளியானபோது ஒவ்வொரு யுகத்திலும் நாகரிகம் மாறும்படி அது அமைந்திருந்தது. சோழர் நடுவில் உள்ள கடற்பயண யுகத்துக்கு உரியவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் அவர்களோடு இணைந்த உலக அதிசயமாக வருகிறது. தலைவரும் நாகரிகமும் தனித்தனி என்பதால் அசோகரைக்கூடச் சோழருக்குத் தலைவராக்கலாம். இராசேந்திரன் வெளியீட்டுப் பட்டியலில் இல்லை.

இராசேந்திரனே வேண்டும் என்றால் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபனிட்டிவ் எடிஷன்' ஆட்டத்துக்கு 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற சேர்க்கை இருக்கிறது. அதில் அவன் பெயரிலேயே ஒரு படையெடுப்புத் தொடர் உண்டு. திராவிடர் என்ற நாகரிகத்தின் வீரர்களும் ஊரார்களும் கட்டளையை ஏற்கும்போது தமிழில் பேசுவார்கள். இது 2023-இல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2025 மே மாதத்தில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்தது. உங்களிடம் உள்ள பிளேஸ்டேஷன் 4-க்கு வரவில்லை. என் கன்சோலில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.

ஏழாம் பதிப்பு வந்துவிட்டதால் ஆறாம் பதிப்புக்குப் புதிய நாகரிகம் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. தாத்தா சொன்ன ஏரியையும் குடவோலையையும் கரும்புத் தோட்டக் காட்சியமைப்பையும் ஏழாம் பதிப்புக்கான விருப்பமாக எழுதி உருவாக்குநர்களுக்கு அனுப்புவதே சரி.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். உறையில் 'இ.எஸ்.ஆர்.பி.' முத்திரைதான் இருந்தது. டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் ஒருவரிடமிருந்து பெகி முத்திரை உள்ள பழைய டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வாங்கினோம். அதைப் போட்டவுடன், ஏற்கெனவே வாங்கியிருந்த தொகுப்பு ஆட்டத்தோடு சேர்ந்துவிட்டது. மாரிட்ஸ்பர்க் தம்பி சொன்னபடி 'ரூல்செட்' வரியை 'கேதரிங் ஸ்டார்ம்' என்று மாற்றினோம், ஷாக்கா வந்தார். தோழனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பெரியவர் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் தங்கள் விருப்பங்களைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு சிறுமி குடத்தையும் ஓலையையும் படமாகவே வரைந்துவிட்டாள். அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, தமிழ்ப் பக்கங்களையும் இணைத்து அனுப்பப் போகிறேன். ட்ரூரோ கப்பலைப் பற்றிய பகுதியைப் பெரியவரே எழுதித் தர இசைவாரா?

பீனிக்ஸ் தம்பி, ஞாயிறு மாலை வருகிறோம். தோழன் ஒரு சந்தேகம் கேட்கிறான்: ஷாக்காவின் 'இக்காண்டா' படைமுகாமை எல்லா நகரங்களிலும் கட்டலாமா?

மாரிட்ஸ்பர்க் தம்பி எழுதியது:

கட்டலாம் அக்கா, நகரத்துக்கு ஒன்று. நகர மையத்தை ஒட்டிய கட்டத்தில் மட்டும் வைக்க முடியாது. அதற்கு 'பிரான்ஸ் ஒர்க்கிங்' தொழில்நுட்பம் முதலில் வேண்டும்.

மேர்பேங்க் பெரியவர் எழுதியது:

இசைகிறேன் அம்மா. வரும் சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் கையெழுத்துப் படியோடு மண்டபத்துக்கு வருகிறேன்.