தாம்வே (ரங்கூன்) சொந்தங்கள் குழு: சரவணனுக்கு ஏன் வந்தது?

ஞாயிறு, இரவு

செந்தில்: சரவணன் அண்ணனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். பக்கவாதம் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. பேசுகிறார், ஆனால் குரல் கரகரத்துப்போய்விட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். இன்றிரவு யாரும் வர வேண்டாம், ஒருவரைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

லெட்சுமி அத்தை: ஐயோ, என்னப்பா சொல்கிறாய்? வெள்ளிக்கிழமை கோயிலில் என்னோடு நின்று தேங்காய் உடைத்தானே!

முருகேசன் பெரியப்பா: அவனுக்கு வயது 34. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, சிகரெட் இல்லை. இந்த ஊரில் பிறந்து வெற்றிலைகூடப் போடாதவன். எனக்கு 72. எனக்கு வர வேண்டியது அவனுக்கு எப்படி வரும்? வேறு யாருடைய ஸ்கேனையோ பார்த்துச் சொல்கிறார்களா என்று கேள்.

ராணி சித்தி: எனக்கு ஒரு தகவல் வந்தது, படியுங்கள். வாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமாம். காது மடலிலும் குத்த வேண்டுமாம். சீன வைத்தியமாம்.

கயல்: சித்தி, அந்தத் தகவலை உடனே நீக்கிவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன். ஊசியைத் தேடி, சூடு காட்டி, பத்து விரலையும் குத்தி முடிக்கும் நேரத்தில் மூளையின் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கும். மூளைக்கு இரத்தம் நின்றால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. புறா இரத்தம் தேய்ப்பதும் அப்படித்தான். வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை எதையும் ஊற்றவோ போடவோ கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின்கூட வேண்டாம். அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

கயல்: பெரியப்பா, ஸ்கேன் சரவணன் அண்ணனுடையதுதான். நானே பார்த்தேன். இடது பக்கம், மூளைத்தண்டின் அடிப்பகுதி. செந்தில், காலையில் நடந்ததை நீ பார்த்தபடியே எழுது. அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

செந்தில்: காலை ஏழு மணி. டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று தலை சுற்றுகிறது என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். வாந்தி எடுத்தார். பிறகு விக்கல். விக்கல் என்றால் சாதாரண விக்கல் இல்லை, நிற்கவே இல்லை. டீ கிளாஸை வலது கையில் பிடித்திருந்தார். “ஆறிப்போன டீயைக் கொண்டுவந்திருக்கிறான்” என்றார். நான் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. கிளாஸை இடது கைக்கு மாற்றியதும் அவரே “ஐயோ சூடு” என்று வைத்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

செந்தில்: கை தூக்கச் சொன்னேன், இரண்டு கையையும் தூக்கினார். சிரிக்கச் சொன்னேன், வாய் கோணவில்லை. எனவே வாதம் இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பித்தம், வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் நடக்கும்போது இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து சுவரில் மோதினார். சரியான மருத்துவமனைக்குப் போகும்போது மாலை நான்கு.

கயல்: இதில் உன் தவறு எதுவும் இல்லை, தம்பி. நீ செய்தது சரியான சோதனைதான். முகம், கை, பேச்சு. அது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். ஆனால் மூளையின் பின்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் கைகால் பலம் குறையாமலே இருக்கலாம். தலைசுற்றல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, நிற்காத விக்கல், இவைதான் அங்கே அடையாளம். அண்ணனுக்குப்போல் இடது பக்கம் அடைத்தால் இடது முகம் மரத்துப்போகும், வலது உடம்புக்குச் சூடு தெரியாது. எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்த டீ கிளாஸ் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைக் கிளினிக்கில் சொன்னாயா?

செந்தில்: சொன்னேன். “நரம்புத் தளர்ச்சியாக இருக்கும்” என்றார்கள்.

கயல்: அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒன்பது மணி நேரம் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

முருகேசன் பெரியப்பா: சரி அம்மா, எந்த இடம் என்று புரிந்தது. ஏன் என்று சொல்லவில்லையே.

கயல்: முந்தைய செவ்வாய்க்கிழமை முடிவெட்டப் போயிருக்கிறார். வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துவிட்டு, தாடையையும் பின்னந்தலையையும் பிடித்துப் படக்கென்று திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுத்திருக்கிறார்கள். அன்று இரவிலிருந்தே இடது காதுக்குப் பின்னால் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு ஐந்து நாள் இருந்திருக்கிறார்.

கயல்: கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக இரண்டு பக்கமும் ஒவ்வோர் இரத்தக்குழாய் மூளைக்கு ஏறுகிறது. தலையைச் சடாரென்று திருப்பும்போது அதன் உள்ளுறை கிழியலாம். சைக்கிள் டியூபின் உள்பக்கம் கீறல் விழுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த இடத்தில் இரத்தம் சுவருக்குள் புகுந்து உறைகிறது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எப்போது பிய்ந்து மேலே போகும் என்று சொல்ல முடியாது. சில மணி நேரம் ஆகலாம், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அண்ணனுக்கு ஐந்தாம் நாள். எல்லா வயதினரின் அடைப்பு வாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கிழிசல் நூற்றில் ஏறத்தாழ இரண்டு. 50 வயதுக்குக் கீழே பார்த்தால் ஐந்தில் ஒன்று வரை இதுதான்.

லெட்சுமி அத்தை: நம் வீட்டு ஆண்கள் எல்லோரும் தாத்தா காலத்திலிருந்து சொடக்கு எடுத்துக்கொண்டவர்கள்தானே, கயல்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

கயல்: உண்மைதான் அத்தை, எடுத்துக்கொள்கிற எல்லோருக்கும் வருவதில்லை. மிகவும் அரிது. பலத்த இருமலில்கூடச் சிலருக்குக் கிழிந்திருக்கிறது, காரணமே இல்லாமலும் கிழிந்திருக்கிறது. அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் வளைத்துத் தலை கழுவியபின் இப்படி வந்த ஐந்து நோயாளிகளைப் பற்றி மைக்கேல் வைண்ட்ராப் என்ற அமெரிக்க மருத்துவர் 1993இல் எழுதினார். முடிவெட்டுகிறவர்மேல் நான் பழி போடவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் நம் வீட்டில் இனி யாரும் அந்தக் கையில் கழுத்தைக் கொடுக்க வேண்டாம்.

முருகேசன் பெரியப்பா: நாளைக் காலை நானே போய் அவரிடம் பொறுமையாகச் சொல்கிறேன். நாற்பது வருடமாக எனக்கும் முடி வெட்டுகிற மனிதர்.

ஆறுமுகம் மாமா (பெகு): வணக்கம். இப்போதுதான் வயலிலிருந்து வந்து படித்தேன், மனம் பதறுகிறது. இங்கே பர்மியர்கள் வாதத்தை ‘லே பியாத்’ என்கிறார்கள், காற்று வெட்டிவிட்டது என்று பொருள். நாம் வாதம் என்பதும் காற்றைத்தானே? இரண்டு சனங்களும் காற்றைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறோம். கயல், ஒரு சந்தேகம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வயலில் அறுவடைக்கு வந்த பையனைக் கண்ணாடி விரியன் கடித்தது. கடி காலில். மறுநாள் ஒரு கை விழுந்துவிட்டது. பாம்புக் கடியில் வாதம் வருமா?

கயல்: வரும் மாமா. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தில் உறைவதற்கான சத்தையெல்லாம் செலவழித்துத் தீர்த்துவிடும். அதன்பின் இரத்தம் உறையாது, மூளைக்குள் கசியலாம். அரிதாக அடைப்பும் வரும். பர்மாவில் இன்னொன்றையும் மருத்துவர்கள் கண்டு 1987இல் எழுதினார்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியே இந்த விஷத்தால் கெட்டுவிடுகிறது. பிழைத்து வீட்டுக்கு வந்த ஆள் மாதக்கணக்கில் சோர்ந்து கிடப்பார், தாடி மீசை உதிரும். சோம்பேறி என்று திட்டுவார்கள். அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

ஆறுமுகம் மாமா (பெகு): கை கொஞ்சம் தேறியது. ஆனால் நீ சொன்ன மாதிரியே இருக்கிறான். எப்போதும் படுக்கை. வேலைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை என்று நானும் திட்டியிருக்கிறேன்.

கயல்: அவனை என்னிடம் அழைத்துவாருங்கள். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், அதற்கு மாத்திரை இருக்கிறது. இனி யாரையாவது கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல் நேராகக் கொண்டுபோங்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து வேண்டும்.

திங்கள், காலை

ராணி சித்தி: இரவெல்லாம் தூக்கமில்லை. அந்தத் தகவலை நீக்கிவிட்டேன், மன்னித்துவிடு. கயல், பேரனுக்கு எட்டு வயது. போன மாதம் சூடான மொஹிங்காவை (மீன் சாற்று நூடுல்ஸ்) ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், கரண்டியை நழுவவிட்டான். ஐந்து நிமிடம் கை தொங்கியது, பிறகு ஓடிப் போய் விளையாடினான். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். முன்பு ஒரு முறை அடம்பிடித்து அழுதபோதும் இப்படி ஆனது. இதுவரை சொல்லத் தோன்றவில்லை.

கயல்: சித்தி, நல்ல வேளை சொன்னீர்கள். இன்றே அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். நாளை என்று வேண்டாம்.

ராணி சித்தி: என்னம்மா பயமுறுத்துகிறாய்?

கயல்: பயப்பட வேண்டாம், பார்த்துவிடுவோம். வேகவேகமாக ஊதினாலோ தேம்பி அழுதாலோ உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியே போகிறது. அப்போது மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். உங்களுக்கும் எனக்கும் அது தெரியவே தெரியாது. ஏற்கெனவே குழாய் குறுகிப்போன குழந்தைக்குக் கை தொங்கும். மோயாமோயா என்று ஒரு நோய் உண்டு, ஜப்பானியர் வைத்த பெயர். அடைபட்ட பெரிய குழாய்க்குப் பதிலாக மெல்லிய குழாய்கள் முளைத்துப் படத்தில் புகை மாதிரித் தெரியும், பெயரின் பொருளும் அதுதான். அவனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. வலிப்பாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். இருந்தால் அறுவை சிகிச்சையால் இரத்தத்துக்கு வேறு வழி அமைக்கலாம். அதுவரை அவனை அழவிடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். ஒன்றிரண்டு வருடத்துக்குள் அம்மை போட்டதா?

ராணி சித்தி: சின்னம்மை, தைப்பூசத்துக்கு முன்.

கயல்: அதையும் வந்ததும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்னம்மைக்குப் பிறகு சில மாதங்களில் மூளை இரத்தக்குழாய் வீங்குவது சில குழந்தைகளுக்கு நடக்கிறது.

லெட்சுமி அத்தை: மகளுக்குப் பிரசவம் அடுத்த மாதம். எல்லாவற்றையும் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கயல்: அத்தை, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்தியம் என்று அவளைத் தண்ணீர் குடிக்கவிடாமல் வைக்காதீர்கள். பிள்ளை பெற்ற உடம்பில் இரத்தம் எளிதில் உறையும், தண்ணீர் வற்றினால் இன்னும் மோசம். மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரையில் அடைப்பு வரலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்றால் பிரசவத் தலைவலி என்று விட்டுவிட வேண்டாம்.

அப்பத்தா (பேத்தி எழுதுகிறாள்): கயலு, பேத்தி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒன்று கேட்க வேண்டும். என் தங்கை வள்ளியம்மை. உங்களில் யாரும் பார்த்ததில்லை. மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. 29 வயதில் ஒரு நாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. எட்டு மாதம் இருந்தாள். ராசியில்லாதவள், பிள்ளைச் சாபம் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அதற்கும் ஏதாவது காரணம் உண்டா?

கயல்: அப்பத்தா, பார்க்காத ஒருவருக்கு நோயைச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் ஒரு நோய் இருக்கிறது. உடம்பே தவறாக உண்டாக்கும் ஒருவகைப் புரதத்தால் இரத்தம் உறைந்துகொண்டே இருக்கும். நஞ்சுக்கொடியில் உறைந்தால் கரு தங்காது, மூளையில் உறைந்தால் வாதம். இலண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் 1983இல்தான் இதைத் தெளிவாக விவரித்தார். அதற்கு முன்னால் சின்னப் பாட்டியை எந்த மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தாலும் அவருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தோடு பிள்ளையும் பெறுகிறார்கள்.

அப்பத்தா (பேத்தி எழுதுகிறாள்): அப்படியானால் அவள் ராசியில்லாதவள் இல்லை.

கயல்: இல்லை அப்பத்தா. இல்லவே இல்லை.

கயல்: அப்பத்தா அழுகிறாரா?

அப்பத்தா (பேத்தி எழுதுகிறாள்): நான் பேத்தி. அழுகிறார்கள். வள்ளியம்மைப் பாட்டியின் படத்தைத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். பூவும் வாங்கிவரச் சொல்கிறார்கள்.

முருகேசன் பெரியப்பா: கடைக்குப் போய்வந்தேன். சரவணன் பெயரைச் சொன்னதும் அந்த மனிதர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். இனி யாருக்கும் கழுத்தைத் தொடுவதில்லை என்றார். சரவணனைப் பார்க்க வரலாமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

செந்தில்: வரச் சொல்லுங்கள் பெரியப்பா. அண்ணன் அவரைப் பற்றித்தான் கேட்டார்.

புதன், மாலை

சரவணன்: அனைவருக்கும் வணக்கம். தட்டச்சு செய்ய முடிகிறது. விக்கல் நேற்று நின்றது. கெட்டியான கஞ்சியை இன்று நான்கு கரண்டி விழுங்கிக் காட்டினேன், நாளை குழாயை எடுத்துவிடலாம் என்கிறார்கள். கிழிந்த குழாய் ஆற மூன்று முதல் ஆறு மாதம் ஆகுமாம், அதுவரை மாத்திரை. செந்தில் டம்ளரைக் கொடுத்தால் இன்னும் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வலது கையில் வாங்குகிறேன்.

ராணி சித்தி: கண்ணே, படித்ததும் உயிர் வந்தது. பையனுக்கு நாளை மறுநாள் படம் எடுக்கிறார்கள். கயல் கூடவே இருக்கிறாள்.

லெட்சுமி அத்தை: நாளைக்குக் கஞ்சி நான் கொண்டுவருகிறேன். எந்தப் பதத்தில் வேண்டும், கயல்?

கயல்: தண்ணீராக ஓடக்கூடாது அத்தை. கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக விழ வேண்டும். சூடு மட்டும் நீங்களே பார்த்துவிட்டுக் கொடுங்கள்.