மடக்குக் கத்திக்கும் உறைக் கத்திக்கும் ஒரே எஃகு பொருந்துமா?

கூர்விரும்பி (கேள்வி):

என்னிடம் டி2 எஃகில் செய்த மடக்குக் கத்தி ஒன்றும், 1095 கார்பன் எஃகில் செய்த உறைக் கத்தி ஒன்றும் உள்ளன. இரண்டையும் மாற்றும் எண்ணத்தில் இருக்கிறேன். மடக்குக் கத்தி நாள் முழுவதும் பையில் கிடந்து வியர்வை படுவது. அட்டைப்பெட்டி, கயிறு, பழம் என எதிர்ப்படும் எல்லாவற்றையும் வெட்டுவது. உறைக் கத்தி மரம் செதுக்கவும், சில வேளைகளில் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கவும் பயன்படுவது. விற்பனைப் பட்டியல்களில் எஸ்30வி, எஸ்90வி, மேக்னாகட், 14சி28என், 3வி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் அதற்கு மிஞ்சியது இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். இரு வேலைக்கும் ஒரே எஃகு போதுமா? உங்கள் விருப்பம் எது, ஏன்? வீட்டில் சாதாரண நீர்க்கற்களில்தான் தீட்டுகிறேன் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

உலைக்களம்:

என் கருத்தில் போதாது. கூர் மழுங்காமல் தேய்மானத்தைத் தாங்குவது, அடிபட்டால் சில்லு பெயராமல் தாங்குவது, துருவைத் தாங்குவது ஆகிய மூன்றையும் எஃகிடம் எதிர்பார்க்கிறோம். ஆனால் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்பவை. தேய்மானத்தைத் தாங்கித் தருவது எஃகுக்குள் சிதறிக் கிடக்கும் கார்பைடு எனும் கடினத் துகள்கள். அவை பெருகினால், பருத்தால், விரிசல் தொடங்குவதற்கான இடங்களும் பெருகுகின்றன.

உங்கள் டி2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கார்பனும் 12 விழுக்காடு குரோமியமும் உண்டு. 12 விழுக்காடு என்றவுடன் துருப்பிடிக்காத எஃகு என்று தோன்றும்; ஆனால் அக்குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாக முடங்கிவிடுவதால், துருவைத் தடுக்கும் வேலைக்கு எஞ்சுவது குறைவு. வியர்வையில் அது கறைபடுவது இதனால்தான். மேலும் வழக்கமான முறையில் வார்க்கப்பட்ட டி2-வில் கார்பைடுகள் பருத்தும் திரண்டும் இருக்கும் என்பதால், மெல்லிய வாய் வைத்துத் தீட்டினால் அது நுண்ணிய சில்லுகளாக உதிரும். அச்சுகளுக்கும் துளைக்கும் கருவிகளுக்கும் உருவாக்கப்பட்ட எஃகிடம் இதற்கு மேல் குறை காண்பது நியாயமில்லை. கத்தியில் புழங்கும் எஃகுகளில் பல இப்படி வேறு தொழில்களிலிருந்து கடன் வாங்கியவையே: 52100 குண்டு பேரிங்கிலிருந்து வந்தது, ஏஇபி-எல் சவர அலகிலிருந்து வந்தது.

கத்தியை மனத்தில் வைத்தே வடிவமைத்தவற்றுள் க்ரூசிபிள் நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த எஸ்30வி முக்கியமானது. உருகிய எஃகை வாயு அழுத்தத்தால் தூளாகச் சிதறடித்து, அத்தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மீண்டும் கட்டியாக்கும் முறையில் செய்யப்படுவதால் அதன் கார்பைடுகள் நுண்ணியவை. 2021-இல் வந்த மேக்னாகட் இன்னொரு படி மேலே சென்றது. அதை வடிவமைத்த உலோகவியலாளர் லாரின் தாமஸ், கார்பன் அளவைக் குறைத்து, வனேடியம், நயோபியம் ஆகிய உலோகங்களைச் சேர்த்து, குரோமியம் கார்பைடே உருவாகாதபடி கலவையை அமைத்தார். அதில் குரோமியம் 10.7 விழுக்காடுதான், டி2-வைவிடக் குறைவு. ஆனாலும் கார்பைடில் சிக்காமல் எஃகிலேயே கரைந்திருப்பதால், துருவைத் தாங்குவதில் டி2 அதன் அருகில்கூட வர இயலாது. கலவைப் பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து எஃகை எடைபோடக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே மடக்குக் கத்திக்கு மேக்னாகட், அடிபடும் உறைக் கத்திக்கு 3வி என்பது என் தேர்வு. 3வி அடியைத் தாங்குவதற்கென்றே பெயர் பெற்றது. ஆனால் அதில் குரோமியம் 7.5 விழுக்காடுதான், ஈரத்தோடு உறைக்குள் போட்டுவிட்டால் துருப்பிடிக்கும்.

தீட்டுக்கல்:

மேலே சொன்னவற்றில் தவறில்லை. ஆனால் கேட்டவர் நீர்க்கற்களில் தீட்டுவதாக எழுதியிருப்பதை அப்பதில் கண்டுகொள்ளாமல் கடந்துவிட்டது. வனேடியம் கார்பைடின் கடினம் விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 2800. பெரும்பாலான நீர்க்கற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு அதைவிடத் தெளிவாகக் குறைந்த கடினம் உடையது. வனேடியம் மிகுந்த எஃகை அக்கல்லில் தேய்த்தால், கல் கார்பைடை வெட்டாது, அதைச் சுற்றியுள்ள எஃகைத்தான் அரித்தெடுக்கும். 9 விழுக்காடு வனேடியம் கொண்ட எஸ்90வி-யை நீர்க்கல்லில் தீட்ட முயல்பவர் பொறுமையை இழப்பார், அல்லது மழுங்கிய கத்தியோடு நாள் கடத்துவார். வைரத்தூள் பதித்த தகடு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் அந்த வரிசையையே மறந்துவிடுங்கள். 4 விழுக்காடு வனேடியம் கொண்ட மேக்னாகட்டை நீர்க்கல்லில் தீட்ட முடியும், ஆனால் நேரம் பிடிக்கும்.

நான் மடக்குக் கத்திக்கு 14சி28என் என்பேன். 0.62 விழுக்காடு கார்பன், 14 விழுக்காடு குரோமியம், சிறிதளவு நைட்ரஜன்: அவ்வளவுதான். கார்பைடுகள் மிகச் சிறியவை, அளவிலும் குறைந்தவை. ஆகவே வாயை மிக மெல்லியதாக வைத்தாலும் உதிராது, எந்தக் கல்லிலும் விரைவில் கூர் ஏறும், வியர்வையைப் பொருட்படுத்தாது. எஸ்90வி-யைவிட விரைவில் மழுங்கும் என்பது உண்மைதான்; ஆனால் மழுங்கியதைச் சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற கத்தியே கையில் எப்போதும் கூராக இருக்கிறது. பட்டியல்களில் அது மலிவான எஃகுகளின் வரிசையில் இருப்பதாலேயே பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று: அட்டை வெட்டுவதில் எஃகின் பெயரைவிட வாய்க்குப் பின்னால் அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே பெரிய வேறுபாட்டைத் தரும். தடித்த அலகில் எந்த எஃகை வைத்தாலும் அது ஆப்பு போலத்தான் நடந்துகொள்ளும்.

மரச்செதுக்கி:

உறைக் கத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1095 நன்கு அடிதாங்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் ஏறத்தாழ 0.95 விழுக்காடு கார்பன் கொண்ட அது, கத்திகளில் புழங்கும் எளிய எஃகுகளுள் அடியைத் தாங்குவதில் பின்வரிசையில் நிற்பது. 3வி-க்குச் செலவழிக்க மனமில்லை என்றால் 80சிஆர்வி2-வைப் பாருங்கள். பெரிய அலகு வேண்டுமானால் ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பயன்படும் 5160 போதும். இரண்டும் துருப்பிடிப்பவை, பயன்படுத்தியதும் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவினால் போதும். இரண்டையும் நீர்க்கல்லிலேயே தீட்டலாம்.

கூர்விரும்பி:

பதில்களுக்கு நன்றி. ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ஒரே மேக்னாகட்டை ஒரு தயாரிப்பாளர் ராக்வெல் சி எனும் கடின அளவில் 60 என்றும், மற்றொருவர் 63 என்றும் குறிப்பிடுகிறார்கள். எண் கூடினால் சில்லு பெயரும் அபாயமும் கூடாதா? வாய்க் கோணத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

உலைக்களம்:

கூடும், ஆனால் மேக்னாகட் உயர்ந்த கடினத்திலும் ஓரளவு அடி தாங்குமாறு அமைந்தது. மடக்குக் கத்திக்கு 62-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதையே தேர்ந்தெடுப்பேன். 60-இல் நிறுத்தினால் மெல்லிய வாய் உதிர்வதற்குப் பதிலாக மடிந்துகொள்ளும், அந்த எஃகுக்குக் கொடுத்த பணமும் பாதி வீண். 3வி-யில் 59, 60 போதும். விறகு பிளக்கும் கத்தியில் அதைத் தாண்டுவதில் பெரிய ஆதாயம் இல்லை. எண் ஒன்றாக இருந்தாலும் பதம் ஒன்றாக இருக்கும் என்பதில்லை: சூடாக்கிய வெப்பநிலை, குளிர்வித்த வேகம், பின்னர் மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைப் போக்கிய விதம் ஆகியவற்றுள் எது பிசகினாலும் அதே கடினத்தில் வேறு கத்திதான் கிடைக்கும். ஆகவே எஃகின் பெயரை மட்டும் அச்சிட்டு, கடினத்தைச் சொல்லாத தயாரிப்பாளரிடம் நான் வாங்குவதில்லை.

தீட்டுக்கல்:

மடக்குக் கத்திக்கு ஒரு பக்கம் 15 பாகை, உறைக் கத்திக்கு 20 பாகை என்று தொடங்குங்கள். உதிர்ந்தால் கோணத்தைச் சிறிது கூட்டலாம். புதுக் கத்தியின் வாய் விரைவில் மழுங்கினால் உடனே எஃகைக் குறை சொல்ல வேண்டாம். தொழிற்சாலைகளில் நீரில்லாமல் வேகமாக ஓடும் பட்டையில் தீட்டும்போது, மெல்லிய நுனி மட்டும் சூடேறிப் பதம் இழப்பதுண்டு. கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டி அந்தப் பகுதி தேய்ந்து போன பிறகும், தீட்டும்போது வாயில் எழும் பிசிரை முழுவதுமாக நீக்கிய பிறகும் மழுங்கினால் மட்டுமே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.