‘போயிட்டு வரேன்’ சொல்லத் தெரியாதவள்

முத்தியால்பேட்டையிலிருந்து:

எனக்கு 38 வயது. ஆட்டிசம் (பழகுவதும் பேசுவதும் உணர்வதும் பிறவியிலேயே வேறு மாதிரி இருப்பது) என்று உறுதியானது போன வருடம்தான். அதற்கு முன் குடும்பத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது: திமிர்.

சின்ன வயதில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் “போறேன்” என்பேன். திரும்பி வரப்போவதில்லை, அப்புறம் எதற்கு “வரேன்”? அம்மா நாலு வைத்து, “போயிட்டு வரேன்னு சொல்லணும்” என்று பழக்கினார். பழகிவிட்டேன். தாத்தா இறந்த வீட்டில் ஒருவர் விடாமல் போய் நின்று “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் அடி.

இப்படித்தான் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தேன். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லக் கூடாது, “ஆச்சு, நீங்க?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். பேசும்போது கண்ணைப் பார்க்க முடியாது. புருவத்துக்கு நடுவே பார்த்தால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வந்தால், மறுநாள் முழுக்க விளக்கு போடாமல் படுத்திருப்பேன். பெண்களிடம் இது தாமதமாகத் தெரிவதற்கு இந்த நடிப்பும் ஒரு காரணம் என்று உளவியலாளர் சொன்னார். பல வருடம் மன அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டேன்.

பரிசோதனை என்றதும் ஸ்கேன், ரத்தம் என்று நினைத்துப் போனேன். எல்லாமே பேச்சுதான். சிறுவயதிலிருந்தே இருந்ததா என்று தெரிய வேண்டும், அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார்கள். அம்மா என்னைப் பற்றிப் புகார் சொல்வது போலவே ஆரம்பித்தார். “புளியங்கொட்டையை வாசல் வரைக்கும் வரிசையா அடுக்குவா. ஒண்ணு நகர்ந்தா ஊரையே கூட்டுவா.” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை பேசவில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து:

அக்கா, அந்த நாலு அடியைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு 45 வயது, போட் இன்ஜின் மெக்கானிக். துறைமுகத்துக்கு ஒரே தெரு வழியாகத்தான் போவார். பள்ளம் தோண்டி அந்தத் தெருவை அடைத்த அன்று வேலைக்கே போகவில்லை. சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறைச் சொல்லிவிடுவார். (உடனே மேதை என்று ஆரம்பிக்காதீர்கள், பக்கத்துக் கடைக்காரரும் சொல்லுவார்.)

டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். “இந்த வயசுல பேர் வச்சு என்ன பண்ண?” அதனால் ஆட்டிசம்தான் என்று நானாகச் சொல்ல மாட்டேன். ஆனால் படித்ததிலிருந்து ஒன்றை மாற்றினேன். “வீட்ல எண்ணெய் தீர்ந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு வாங்கி வருவார் என்று காத்திருந்து 15 வருடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது “சாயங்காலம் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிட்டு வாங்க” என்கிறேன். வந்துவிடுகிறது.

வில்லியனூரிலிருந்து:

என் தம்பிக்கு 27 வயதில் தெரிந்தது. கண்ணைப் பார்க்காததெல்லாம் ஆட்டிசம் இல்லை, கூச்சம், பதற்றம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காத, துறுதுறுப்பு அதிகமான நிலை) இவற்றிலும் அப்படி இருக்கலாம். ஆன்லைன் கேள்வித்தாளோடு நிறுத்தாதீர்கள். பேச்சு தாமதமாகாதவர்களுக்கு முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொன்னதையும் 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் ‘ஐ.எஸ்.ஏ.ஏ.’ என்ற, ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோல்: 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. தம்பியும் வாழ்க்கை முழுக்க நடித்தவன். அங்கேயும் போய் நன்றாக நடித்துவிட்டு வந்தான். “வீட்ல இருக்கிற மாதிரி இருடா” என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், என் தப்பு.

முத்தியால்பேட்டையிலிருந்து:

எண்ணெய் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்தார். இப்போதெல்லாம் “மிக்ஸி போடப்போறேன்” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுகிறார். நான் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். நேற்று மறந்துபோய்ப் போட்டுவிட்டார். நான் கத்த, அவரும் பதிலுக்குக் கத்தினார். சட்னி நன்றாகத்தான் இருந்தது.