மறுமொழி: லிகண்ட் – ஈனி போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஐயா, லிகண்ட் (ligand, அதாவது இன்னொரு அயனியோடோ மூலக்கூறோடோ போய் இணையும் பொருள்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'ஈனி' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். உலோக அயனியைச் சுற்றி மற்றவை இணைந்து உருவாகும் சேர்மங்களைப் பற்றிய அணைவு வேதியியலில் ஈனிக்கு ஒரு குறையும் இல்லை. தாமிர சல்பேட்டுக் கரைசலில் அம்மோனியாவைத் தாராளமாக ஊற்றினால் வெளிர்நீலம் அடர்நீலமாகிறதே, அங்கே அம்மோனியா தன் தனித்த எலெக்ட்ரான் இணையைத் தாமிர அயனிக்குக் கொடுக்கிறது. தருவதால் ஈனி. சரி.

உயிர்வேதியியலுக்கு வந்தால்தான் இடிக்கிறது. இன்சுலின் தன் ஏற்பியில் (செல்லில் அதை அடையாளம் கண்டு ஏற்கும் புரதத்தில்) போய்ப் பொருந்துகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்வெறுப்பு விளைவு, வாண்டர்வால்ஸ் விசை என்று பல சின்னச் சின்னப் பிடிகள் சேர்ந்து அதை அங்கே நிறுத்துகின்றன. உலோக அயனிக்கு எலெக்ட்ரான் இணையை ஈகிற வேலை எதுவும் அங்கே நடப்பதில்லை. ஆனாலும் அதன் பெயர் லிகண்ட்தான். அதை ஈனி என்று எழுதினால், எதை ஈகிறது என்று மாணவர் கேட்பார். நம்மிடம் பதில் இருக்காது. (ஹீமோகுளோபினில் இரும்போடு சேரும் ஆக்சிஜன் இரண்டு கணக்கிலும் வரும். அதை வைத்து மற்றதையும் நியாயப்படுத்த முடியாது.)

ஆங்கிலத்துக்கு இந்தச் சங்கடம் வராததற்குக் காரணம் வேர். லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். அதிலிருந்து, கட்டப்பட வேண்டியது என்ற பொருள்தரும் வடிவத்தை எடுத்து 1916இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்ற பேச்சே சொல்லுக்குள் இல்லை. எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட், டிஎன்ஏ இழைமுனைகளை இணைக்கும் லைகேஸ், கடமையைக் குறிக்கும் ஆப்ளிகேஷன், ஏன், அலாய்கூட இதே வேர்தான். அலாயை நாம் உலோகக்கலவை என்கிறோம். அவர்கள் கட்டியதை நாம் கலந்துவிட்டோம்! மதத்தைக் குறிக்கும் ரிலிஜனையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் பண்டைய ரோமானிய அறிஞர் சிசரோ அதற்கு வேறு வேர் சொன்னார்.

கட்டுதலைச் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களான பைண்ட், பாண்ட், பண்டில் எல்லாம் ஜெர்மானியக் கிளை. வடமொழியின் பந்தம், சம்பந்தம், பந்து இவற்றுக்குத் தூரத்து உறவு. ஆனால் அடிமைநிலையைக் குறிக்கும் பாண்டேஜ் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. பழைய நார்ஸ் மொழியில் குடியானவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. ஒலி ஒத்துப்போனதால் பின்னால் பொருளும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே பாண்டேஜைக் காட்டி, கட்டையும் விலங்கையும் குறிக்கும் 'தளை' என்ற சொல்லை இங்கே நியாயப்படுத்திய வாதத்தை நான் ஏற்கவில்லை.

இனி நம் பக்கம். தமிழில் கட்டுவதற்குச் சொல் பஞ்சமா? கட்டு, பிணி, பிணை, யா, தளை, தொடு, கோ. யாப்பும் தளையும் தொடையும் செய்யுளிலக்கணத்தில் ஆழ வேரூன்றிவிட்டதால் அவற்றைத் தொடாமல் விடலாம். 'கட்டி' என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். இலக்கணப்படி சரிதான். ஆனால் புற்றுநோய் பற்றிய கட்டுரையில் 'கட்டி ஏற்பியோடு இணைகிறது' என்று எழுதிப் பாருங்கள்! 'பற்றி'க்கும் அதே கதி. வேற்றுமை உருபுபோலப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

என் பரிந்துரை 'பிணைமம்'. வேதிப்பிணைப்பு ஏற்கெனவே பாடநூலில் நிலைத்த சொல், தனிமம், சேர்மம் என்ற வார்ப்பும் பழகியது. பிணையம் என்ற ஜாமீன்சொல்லோடு குழம்பாதா என்றால், கொஞ்சம் குழம்பலாம். ஆங்கில பாண்டும் நீதிமன்றத்திலும் ஆய்வகத்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறது, யாரும் தடுமாறவில்லை. தவிர, கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: பிணைப்பிடம் (இணையும் இடம், binding site), பிணைநாட்டம் (இணையும் நாட்டம், affinity).

அணைவு வேதியியலில் ஈனி அப்படியே இருக்கட்டும். ஏற்பிகளைப் பற்றி எழுதும் இடங்களில் பிணைமம். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லா என்று முகம் சுளிப்பவர்கள், இரண்டு துறைக்கும் பொருந்தும் ஒரே சொல்லைச் சொன்னால் நான் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.